ஒரு வினாடி தாமதம்

கழனிவாசல் சாலையில்
லேத் பட்டறைக்கு மேல்மாடி.
மாதத்தின் மூன்றாம் ஞாயிறு
எட்டு முழ வேட்டி ஒன்று திரையாகும்.
இந்த முறை ஹங்கேரிப் படம்.
தமிழ் வரிகள் என்னுடையவை:
பகலெல்லாம் ஜெராக்ஸ் கடை,
இரவில் பதினோரு நாள்,
ஆங்கிலம் வழியாக ஆயிரத்து நாற்பது வரி.

ஊருக்கு வெளியே ரோமா மக்களின் குடியிருப்பு.
ஒரே குழாய். அதையும் நகராட்சி பூட்டிவிடுகிறது.
ஒரு பெண் வாளியோடு நடக்கிறாள்.
கதை அவ்வளவுதான்,
இரண்டு மணி நேரம் நடக்கிறாள்.

ஒரு பையன் "அபா" என்று கத்துகிறான்.
அந்த நாட்டில் அப்பனுக்கு அதுதான் சொல்.
அங்கே நான் வரி போடவில்லை.
இருபத்தாறு நாற்காலியும் புரிந்துகொண்டு
லேசாக அசைந்தன.

அப்புறம் ஒரு கிழவி, காய்ச்சலில்,
தன் வீட்டுப் பாஷையில்
"பானி" என்றாள்.
"தண்ணீர்" என்ற என் வரி
ஒரு வினாடி தாமதமாக வந்தது.
அதற்குள் கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல்
"பானி கேக்குது, குடேன்டி" என்றது
திரையைப் பார்த்து.

சிந்தாமணி.
பைபாஸுக்கு அந்தப் பக்கம் வாக்ரிக் குடியிருப்பு.
கானாடுகாத்தான் வீடுகளை வாடகைக்கு எடுத்து
யார் படம் பிடித்தாலும்
கூட்டத்துக்கு முப்பது பேர் என்றால்
அதில் ஒருத்தி.
பதினாலு படம் ஆகிவிட்டது.

இடைவேளையில் டீ கிளாஸோடு வந்தாள்.
"போலீஸ்காரன் அவளைத் திட்டுறான்ல,
அங்க எதுக்கு மூணு புள்ளி?"

அந்த வார்த்தைக்குத் தமிழில் எதைப் போட்டாலும்
ஏதாவது ஒரு தெருவில்
யார் மேலாவது போய் விழும், என்றேன்.

"விழும்தான்."
பஸ் ஸ்டாண்டில் தினம் விழுவதை
ஒரு தடவை, குரல் உயர்த்தாமல், சொல்லிக் காட்டினாள்.
"புள்ளி வெச்சா
அவன் நல்லவன்னு ஆயிடும்."

பிறகு, "அவ அவங்க ஆளா?"

போனில் தேடினேன்.
இல்லை. தலைநகரத்தில் பெயர் பெற்ற நாடக நடிகை.
மூன்று மாதம் குடியிருப்பில் தங்கிப் பழகினாளாம்.

டீயை ஊதினாள்.
"போன வருசம் ஒரு ஹீரோயினுக்கு
என் கையைப் பக்கத்துல வெச்சுத்தான்
நிறம் கலந்தாங்க.
மேக்கப்காரர் தங்கமான மனுசன்.
நிழல்ல நில்லு, வெயில்ல நீ மாறிடுவேன்னார்.
எனக்கு ஒரே வசனம், 'சாமியோவ்'.
எங்க வீட்ல யாரு அப்படிப் பேசுறா?
ஏழு டேக்.
இன்னும் இழு, அப்பத்தான் நீங்கன்னு தெரியும்னாங்க."

கிளாஸைக் கவிழ்த்து வைத்தாள்.
"நல்லாத்தான் நடிக்கிறா.
வாளிதான் பொய்.
நெறைஞ்ச வாளியை அப்படி வீசி நடந்தா
பாவாடை நனையும்.
பின்னால நிக்கிறாங்களே, அவங்க நெசம்.
கேமராவைப் பாக்கக் கூடாதுன்னு
எங்கயும் பாக்காம நிக்கிறாங்க பாருங்க."

படம் முடிந்தது.
கீழே பட்டறைக்காரர் சாவியை ஆட்டினார்.
பழக்கத்தில் விளக்கைப் போட்டேன்,
பெயர்கள் ஓடத் தொடங்கியபோதே
கை நிறுத்தப் போனது.

"ஓட விடுங்க."

நமக்குத் தெரியாத எழுத்தும்மா.

"படிக்க வேணாம்.
இருக்குன்னு பாக்கணும்."

விளக்கை அணைத்தேன்.
வேட்டியின் மடிப்பில் வளைந்து வளைந்து
மேலே ஏறின பெயர்கள்,
உயிரெழுத்தின் தலையில் கோடும் புள்ளியும் சுமந்து.
நடிகை, இயக்குநர், விளக்குக்காரர்கள்.
சாப்பாடு போட்டவர்கள்.
கடைசியில்தான் அவர்கள்:
ஒரே குடும்பப் பெயர்
பக்கம் பக்கமாக.

ஆட்கள் படியிறங்கும் சத்தம்.
சிந்தாமணி விரல் கணுக்களில் எண்ணிக்கொண்டிருந்தாள்.
"நூத்திப் பன்னெண்டு" என்றாள்,
செருப்பைத் தேடினாள்.

வீட்டுக்கு வந்து கோப்பைத் திறந்தேன்.
"தண்ணீர்" வரியை அழித்தேன்.
மூன்று புள்ளிகளையும் அழித்தேன்.
மணி இரண்டரை.
அந்த இடத்தில் கர்சர்
நின்று நின்று துடிக்கிறது.